ஆயிரத்து நூற்று எண்பத்தைந்தாம் பக்கம்

1943ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17, செவ்வாய்க்கிழமை. கிடங்குக் கடிகாரத்தில் காலை மணி பத்து இருபது. அது தோக்கியோ நேரம். ஜப்பானியர் வந்ததும் ஊரில் இருந்த கடிகாரங்களையெல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். என் வயிறு மட்டும் பழைய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதன் கணக்கில் எட்டு ஐம்பது. விடியற்காலையில் காற்றோடு அடித்த மழை ஓய்ந்து, தஞ்சோங் பகார் துறைமுகக் கிடங்கின் தகரக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. என் மேசைக்கு நேர்மேலே இரண்டு இடங்களில் ஒழுக்கு. ஒன்றுக்கு நிமிடத்துக்குப் பதினெட்டுச் சொட்டு, மற்றதற்கு இருபத்திரண்டு.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. கிடங்கில் டாலி கிளார்க் வேலை. லாரியிலிருந்து சாக்கு இறங்க இறங்க எண்ணி, நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பது. இந்த வேலைக்கென்றே பிறந்தவன் என்று சக ஊழியர்கள் கேலி செய்வார்கள். உண்மைதான். படி ஏறினால் எண்ணுவேன், இட்லி தின்றால் எண்ணுவேன். இப்போது எண்பது வயதில், தெம்பனிஸ் அடுக்குமாடியில் லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும் விநாடிகளையும் எண்ணுகிறேன். தூக்கம் கெடுகிறது என்று மருத்துவர் சொல்கிறார். அவர் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று குறைந்திருந்ததை நான்தான் அவருக்குச் சொன்னேன்.

அந்தக் காலை ஜப்பானிய மேற்பார்வையாளர் என் டாலி புத்தகத்தைப் பார்வையிட வாங்கினார். விரித்தார். உள்ளேயிருந்து ஒரு காகிதம் நழுவி ஈரத் தரையில் விழுந்தது.

அது அரிசிப் பங்கீட்டுச் சீட்டு ஒன்றின் பின்பக்கம். நான்கு அங்குலத்துக்கு மூன்று அங்குலம். அதில் என் கையெழுத்தில், பொடி எழுத்தில், இருபத்தேழு ஆங்கிலச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். வேறு எதுவும் இல்லை.

அவர் குனிந்து எடுத்தார். படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

போருக்கு முன்னால் பிராஸ் பசா சாலையில் பழைய புத்தகக் கடையொன்றில், ஒரு வெள்ளி இருபது காசுக்குப் பெரிய ஆங்கில அகராதி ஒன்று வாங்கினேன். ஆயிரத்து இருநூற்று அறுபத்துநான்கு பக்கம். கடையிலேயே நின்று எண்ணினேன், ஒரு பக்கமும் குறையவில்லை. படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அதில் பாதிக்குப் பாதி இங்கிலீஷ்காரர்களே மறந்துவிட்ட சொற்கள் என்று. எனக்கு அவற்றில்தான் ருசி. அதிலும் ஒரே எழுத்துகளில் தொடங்கி, கூடப்பிறந்தவர்கள்போல முகச்சாயலோடு அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் சொற்கள் என்றால் விடமாட்டேன். மற்றவர்கள் தபால்தலை சேர்த்தார்கள். நான் இவற்றைச் சேர்த்தேன்.

குவாப் என்று ஒரு சொல். நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொள்வது. அதன் பக்கத்தில் குவாப் போலவே ஒலிக்கும் இன்னும் இரண்டு. மூன்றும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஸ்னாட் என்றால் நறுவிசாக இருப்பது. ஸ்னூல் என்றால் முதுகை வளைத்து அடங்கிப்போவது. ஸ்னட்ஜ் என்றால் காசைக் கணக்குப் பார்த்துக்கொண்டு குனிந்த தலையோடு நடக்கும் கருமி. இதை என் மனைவிக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர்.

எனக்கு மிகவும் பிடித்தவை கடைசி ஏழு. வாம்பிள்: வயிறு பசியில் கடகடவென்று உருளுவது. வேம்: வயிறு. வேம்ஃபூ: வயிறு நிறைய. பிறகு 'வான்' என்று தொடங்கும் நான்கு. நமக்கு வான் என்றால் தலைக்குமேல் விரிந்து கிடப்பது. பழைய ஆங்கிலத்தில் அது இல்லாமையைக் காட்டும் முன்னொட்டு. எந்தச் சொல்லின் தலையில் ஏறினாலும் அந்தச் சொல் காலி. வான்சான்சி: அதிர்ஷ்டம் கெட்டது, ஆபத்தானது. வான்ஹோப்: நம்பிக்கை அற்றுப்போவது. வான்ரெஸ்ட்ஃபுல்: ஓரிடத்தில் நிம்மதியாக இருக்க முடியாதது. வான்வர்த்: அடிமாட்டு விலை. அரிசி இல்லை, சீனி இல்லை, துணி இல்லை என்று இருந்த அந்த வருடங்களில் இப்படி ஒரு முன்னொட்டைக் கண்டுபிடித்தவனுக்கு எவ்வளவு மகிழ்ச்சி இருக்கும் என்று பாருங்கள். காலையில் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டுப் போகும் வழியெல்லாம், "வாம்பிள், வேம், வேம்ஃபூ" என்று முணுமுணுத்துக்கொண்டே நடப்பேன்.

ஆகஸ்ட் 15, ஞாயிற்றுக்கிழமை, அந்த அகராதியை விற்றேன்.

காரணம் என் மனைவி. கல்யாணமாகி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு கடைவீட்டு மாடியில் பலகைத் தடுப்புக்குள் ஓர் அறை எங்களுடையது. அகராதி அந்த அறையில் ஒரு மூலையை அடைத்துக்கொண்டிருந்தது. எண்ணெய்க்குக் காசு போதவில்லை என்று அவள் சொன்னபோது நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்னங்க, இத வேக வச்சா எத்தனை பேரு சாப்பிடலாம்?" என்றாள்.

"புத்தகத்தையா?"

"பின்ன? அதுவும் கிழங்கு கனம் இருக்கே."

விற்கச் சம்மதித்தேன். ஆனால் விற்பதற்கு முன்பு, எனக்குப் பிரியமான இருபத்தேழு சொற்களைக் குறித்து வைத்துக்கொண்டேன். காகிதம் கிடைக்காத காலம். அதனால் பொருள் எழுதவில்லை, பொருள்தான் மனத்தில் இருக்கிறதே. பக்க எண் மட்டும் எழுதினேன். போர் முடிந்ததும் இதே பதிப்பை வாங்கினால் சட்டென்று புரட்டிவிடலாம் என்பது என் திட்டம். இந்த உலகத்தில் என்னைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு திட்டம் தோன்றியிருக்காது என்பது செவ்வாய்க்கிழமைதான் எனக்கு உறைத்தது.

வாங்கியவர் தேக்கா சந்தைக்கு அருகில் தலையில் தட்டோடு சுற்றும் கச்சாங் பூத்தேக்காரர். வறுத்த கடலை, உப்புக்கடலை, பட்டாணி என்று தட்டில் ஆறு அறை. காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, ஒரு பிடி அள்ளிப் போட்டு நீட்டுவார். பொட்டலம் பத்துக் காசு. பழைய செய்தித்தாள் கிடைக்காமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார். அகராதியைத் தூக்கிப் பார்த்து, மூன்று காட்டி, அதாவது நான்கு ராத்தல் எடை என்று போட்டு, மூன்று வெள்ளி கொடுத்தார். என் கண்ணெதிரேயே முதல் பக்கத்தில் மஞ்சளைக் குழைத்துப் பொட்டு வைத்து, பென்சிலால் பிள்ளையார் சுழி போட்டார்.

"எதுக்குண்ணே?"

"வியாபாரச் சரக்கு இல்லையா கிராணி? இனிமே முன்பக்கத்துல கை வைக்க மாட்டேன். பின்னாலேருந்துதான் கிழிப்பேன்."

கிராணி என்றால் எழுத்தர். எங்களுக்கெல்லாம் ஊரில் அதுதான் பட்டம். பின்னாலிருந்து கிழித்தால் என்ன, முன்னாலிருந்து கிழித்தால் என்ன என்று சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இனிக் கிடங்குக்கு வருவோம்.

மேற்பார்வையாளர் போருக்கு முன் பருத்தி நூல் வியாபாரம் செய்தவராம். ஆள் சாது. ஆனால் அவருக்கு மேலே இருந்தவர்கள் சாது அல்ல. அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்த ஒரே மொழி ஆங்கிலம். அலுவலகத்தில் பேசக் கூடாது என்று சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்ததும் அந்த மொழியைத்தான். ஆகையால் நாங்கள் இருவரும் எப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவோம்.

"இது என்ன?" என்றார்.

"சொற்கள், ஐயா. பழைய ஆங்கிலச் சொற்கள்."

சட்டைப் பையிலிருந்து தம்முடைய சிறிய அகராதியை எடுத்தார். முதல் சொல்லைத் தேடினார், இல்லை. ஐந்தாவதைத் தேடினார், இல்லை. கடைசி ஏழையும் ஒவ்வொன்றாகத் தேடினார். ஒன்றும் இல்லை.

"இங்கே ஆயிரத்து நூற்று எண்பத்தைந்து மூன்று தடவை. எண்பத்தாறு நான்கு தடவை. என்ன எண் இது? சாக்கா? கப்பலா?"

"பக்கம், ஐயா."

"எந்தப் புத்தகத்தின் பக்கம்?"

"விற்றுவிட்டேன்."

"யாருக்கு?"

"கடலைக்காரருக்கு."

இந்தப் பதில் என் காதிலேயே பொய்போல விழுந்தது. அவர் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நாளை காலை இந்த ஏழு சொல்லையும் அச்சில் காட்டு. காட்டாவிட்டால் இந்தக் காகிதம் மேலே போகும். நான் வைத்திருந்தால் என் தலைக்கு ஆபத்து" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மேலே போன காகிதத்துக்குப் பின்னால் ஆளும் போவான் என்பது எல்லோருக்கும் தெரியும். போனவர்களில் அதிர்ஷ்டசாலிகள் சயாம் காட்டில் ரயில் பாதை போடப் போனார்கள்.

எங்கள் தலைமை எழுத்தர் யாழ்ப்பாணத்துக்காரர். எல்லாவற்றையும் பக்கத்து மேசையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர் மெல்ல வந்தார்.

"உமக்கு விசரே, தம்பி? துறைமுகத்திலை இருந்துகொண்டு, விளங்காத சொல்லு எழுதி நம்பரும் போட்டு வைச்சிருக்கிறீர். ஒற்றன்கூட இவ்வளவு வடிவாய் எழுதமாட்டான்."

"பொருள் எழுதக் காகிதம் இல்லைங்க, ஐயா."

"பொருளை எழுதிப்போட்டு நம்பரை விட்டிருக்கலாமே."

இந்த யோசனை எனக்கு வந்திருக்கவே வந்திருக்காது. அன்று மத்தியானம் சாக்கு எண்ணுகையில் இரண்டு தடவை தப்புச் செய்தேன். அதற்கு முன்பும் அதற்குப் பிறகும் அப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை.

சாக்குகளுக்கு நடுவே ஒரு கணக்குப் போட்டேன். கடலைக்காரர் ஒரு நாளைக்கு நாற்பது பொட்டலம் விற்பார். ஒரு தாளை மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டாகக் கிழிப்பார். அப்படியானால் நாளுக்கு இருபது தாள். பின்னாலிருந்து எண்ணினால் என் ஏழு சொற்களும் இருக்கும் தாள் நாற்பதாவது. திங்கள் இருபது, செவ்வாய் இருபது. அதாவது அது இன்றைய கடைசித் தாள். இன்னும் விற்றிருக்காது! என் நெஞ்சு குவாப் குவாப்பென்று அடித்தது.

ஆறு மணிக்கு வேலை விட்டதும் நடந்தேன். பேருந்துக்கு நின்றால் இருட்டிவிடும் என்று பயம். உண்மையில் தோக்கியோ நேரத்துக்கு எட்டு மணிவரை வெயில் அடிக்கும்; பயத்துக்கு அது தெரியுமா? ஐயாயிரத்து நானூற்றுச் சொச்சம் காலடி. வழியில் இரண்டு ஜப்பானியக் காவலர்களுக்குக் குனிந்தேன். ஸ்னூல், இரண்டு தடவை.

கடலைக்காரர் சந்தை முனையில் தட்டை இறக்கி வைத்திருந்தார். ஓரத்தில் வெற்றுக் கூம்புகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, நீளமாகச் சாய்ந்து கிடந்தன. எண்ணினேன். இருபத்தாறு.

"அண்ணே, இந்த வெத்துப் பொட்டலம் எல்லாத்தையும் எனக்குக் குடுங்க. காசு தர்றேன்."

அவர் நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோலப் பார்த்தார். "வெறும் பொட்டலமா? பொழுது சாயுற நேரத்துல வெறும் பொட்டலத்தக் கையில குடுத்தா அப்புறம் யாவாரம் எப்படிய்யா விளங்கும்? கடலையோட வாங்கு. ஒன்னு வேணுமா, ரெண்டு வேணுமா?"

"ஒன்னைப் பிரிச்சாவது பார்க்கிறேன்."

"பிரிச்சா யாரு சுத்துறது? உங்கப்பனா?"

"மேலேருந்து எடுப்பீங்களா, அடியிலேருந்து எடுப்பீங்களா? அதையாவது சொல்லுங்க."

"எப்பவும் அடியிலேருந்துதான். மொதல்ல சுத்துனது மொதல்ல போகணும். ஏன் கிராணி, உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

முதலில் சுற்றியது முதலில் போகும்! என் கணக்கு சரி. கடைசித் தாள் மேலேதான் இருக்கிறது. ஆனால் மேலே இருப்பதைத் தனியாக உருவித் தரவும் மனிதர் சம்மதிக்கவில்லை, வரிசை கலையுமாம். இருபத்தாறையும் கடலையோடு வாங்கினேன். இரண்டு வெள்ளி அறுபது காசு. வேட்டியை மடித்துப் பிடிக்க, அவர் ஒவ்வொன்றாக நிரப்பி அடுக்கினார். நான் எண்ணிக்கொண்டே வந்தேன், அவரும் எண்ணிக்கொண்டே வந்தார். பதினேழில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினோம்.

மாடிக்கு வந்து பாயில் கொட்டியபோது என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எண்ணெய்க்குக் குடுத்த காசுல கடலையா?"

விஷயத்தைச் சொன்னேன். சயாம் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். அவள் அந்தச் சொல்லைத் தானே போட்டு நிரப்பிக்கொண்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. அண்டாவை இழுத்தாள். கடலையை அதில் கவிழ்த்துக் காகிதங்களை விரிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் எண்கள் தெரியும். மேல்பாதிகளில் பக்க எண் இருக்கும். கீழ்ப்பாதிகளில் எதுவும் இருக்காது. அவள் கிழிந்த ஓரத்தோடு ஓரம் வைத்து, ரவிக்கைத் துணி ஒட்டுப் போடுவதுபோலப் பொருத்திக்கொண்டே போனாள். ஒரு சொல்லையும் படிக்காமல் என்னைவிட வேகமாகச் சேர்த்தாள்.

எண்பத்தைந்தாம் பக்கம் வந்தது. திருப்பினேன். எண்பத்தாறு. வான்சான்சி, வான்ஹோப், வான்ரெஸ்ட்ஃபுல், வான்வர்த். நான்கும் இருந்தன. எண்ணெய்ப் பொட்டோடு, உப்போடு, ஆனால் இருந்தன. என் மனைவியைக் கட்டிப்பிடிக்கப் போனேன்.

"இதுக்குக் கீழ்ப்பாதி எங்க?" என்றாள்.

பாயில் இருந்த பதின்மூன்று கீழ்ப்பாதிகளையும் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் பொருந்தவில்லை. வாம்பிளும் வேமும் வேம்ஃபூவும் இருந்த பாதி இல்லவே இல்லை. இருபத்தாறும், அன்று விற்றதாகக் கடலைக்காரர் சொன்ன பதின்மூன்றும் சேர்த்தால் முப்பத்தொன்பது. நாற்பதாவது பொட்டலம் எங்கே போயிற்று?

படியைத் தாண்டித் தாண்டி இறங்கினேன். கடலைக்காரர் முனையில் இல்லை. அடுத்த சந்திலும் இல்லை. மூன்றாவது சந்தில், காலித் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தார்.

"நாப்பதாவது பொட்டலமா? அது சாமிக்கு. தெனம் மேல இருக்கிறத எடுத்து, கடலை போட்டு, அரசமரத்துப் பிள்ளையாருக்கு வச்சிட்டுத்தான் யாவாரமே தொடங்குவேன்."

"அடியிலேருந்துதான் எடுப்பேன்னீங்களே!"

"அது யாவாரத்துக்கு. சாமிக்குக் கடைசியில மிஞ்சுனதையா குடுக்கிறது?"

அரசமரத்தை நோக்கி ஓடினேன்.

அரசமரத்தடியில் சின்னக் கோயில். பூசை பார்க்கும் பண்டாரம் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கடலை அப்பவே பிரசாதமாப் போச்சு."

"கடலை வேணாம், சாமி. காகிதம். அதச் சுத்தியிருந்த காகிதம்."

"அதுவா? திருநீறு மடிச்சுக் குடுத்தேன். குங்குமமும் வேணும்னாங்க. ரெண்டாக் கிழிச்சு ரெண்டையும் மடிச்சேன்."

"யாருக்கு? எப்ப?"

"இப்பத்தான். ஒரு பொண்ணு. கண்ணு கலங்கி நின்னுச்சு பாவம். உண்டியல்ல காசு போட்டுச்சு. பச்சைச் சேலை."

திரும்பி வரும் வழியில் பச்சைச் சேலை கட்டியவர்களை எண்ணினேன். நான்கு பேர். முதலாமவர் கையில் கூடை, இரண்டாமவர் கையில் கைக்குழந்தை. மூன்றாமவரிடம், "அம்மா, உங்ககிட்டத் திருநீறு இருக்கா?" என்று கேட்டேன். அவருடைய கணவர் பின்னால் வந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. "ஏன், நெத்தியில பூசணுமா, கன்னத்துல பூசணுமா?" என்று அவர் கேட்டார். நான்காமவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

வான்ஹோப் என்ற சொல்லை நான் இரண்டு வருடமாக ருசித்துப் படித்திருக்கிறேன். அன்று படி ஏறும்போதுதான் அதன் பொருள் தெரிந்தது. பத்தொன்பது படி. ஒவ்வொன்றிலும் ஒரு தடவை சயாம் போய் வந்தேன்.

மாடியில் ஒரே சத்தம். பக்கத்து அறைக்காரர்கள், எதிர் அறைக்காரர்கள் என்று ஐந்து குடும்பமும் அண்டாவைச் சுற்றி உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார்கள். "நமத்துப் போயிடும்னு நான்தான் கூப்பிட்டேன்" என்றாள் என் மனைவி. எழுந்து வந்து, என் முகத்தைத் தூக்கி, நெற்றியில் திருநீறு பூசினாள். "நீங்க அந்தப் பக்கம் ஓடுனதும் நான் பிள்ளையார்கிட்ட ஓடுனேன். ஒன்னும் ஆகாது, பயப்படாதீங்க."

அப்போதுதான் பார்த்தேன். அவள் கட்டியிருந்தது பச்சைச் சேலை.

உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் எண்ணுகிறவன், வீட்டில் மனைவி என்ன நிறத்தில் கட்டியிருக்கிறாள் என்று பார்க்கவில்லை. இதை அவள் அதற்குப் பிறகு ஐம்பத்தோரு வருடம் சொல்லிக் காட்டினாள்.

"காகிதம்! திருநீறு மடிச்ச காகிதம் எங்க?"

"இந்தா இருக்கு, ஏன் கத்துறீங்க..." என்று எடுத்தவள் நிறுத்தினாள். ஓரத்தைப் பார்த்தாள். பாயில் கிடந்த மேல்பாதியை இழுத்து, திருநீற்றுக் காகிதத்தையும் குங்குமக் காகிதத்தையும் அதன் கீழே வைத்தாள். கிழிசலோடு கிழிசல் அப்படியே உட்கார்ந்தது. எழுத்தை அவள் பார்க்கவேயில்லை. நான் திருநீற்றை ஊதிவிட்டுப் பார்த்தேன். வேம். வேம்ஃபூ. குங்குமத்தின் நடுவில், ரத்தச் சிவப்பில், வாம்பிள்.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றாள்.

"வேம்ஃபூன்னா வயிறு நிறைய."

அண்டாவைச் சுற்றியிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பட்டாணியை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்த எதிர் அறைப் பெரியவர், "நல்ல வார்த்தைதான்லா, இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். அன்றிரவு மாடி முழுக்க வேம்ஃபூ. அந்தச் சொல் பிறந்த ஸ்காட்லாந்திலேயே ஒரே வீட்டில் இத்தனை பேர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை மூன்று துண்டுகளையும் சோற்றுப்பசையால் ஒட்டி எடுத்துக்கொண்டு போனேன். மனைவி ஒரு பொட்டலம் கடலையும் மடித்துக் கொடுத்திருந்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று.

மேற்பார்வையாளர் சீட்டை ஒரு கையிலும் தாளை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு ஏழு சொற்களையும் ஒப்பிட்டார். பக்க எண்ணைப் பார்த்தார். சிவப்பைத் தொட்டு முகர்ந்தார்.

"இது என்ன?"

"கடவுளுக்குப் போட்ட பொடி, ஐயா."

"கடவுளும் இந்தத் தாளைப் பார்த்திருக்கிறாரா?"

"முதலில் அவரிடம்தான் போயிற்று, ஐயா."

வாம்பிளின் விளக்கத்தை விரல் வைத்துப் படித்தார். தம்முடைய சிறிய அகராதியில் அந்த விளக்கத்தின் சொற்களைத் தேடினார். புரிந்ததும் முகம் மாறியது. அந்தச் சமயம் பார்த்து எங்கள் இருவரில் ஒருவருடைய வயிறு உருண்டது. என்னுடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்ததைப் பார்த்தால் அவருடையதாகவும் இருந்திருக்கலாம். நான் பொட்டலத்தை மேசைமேல் வைத்தேன். இரண்டு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இங்கிலீஷ்காரனே பேசாத சொல்லை நீ ஏன் வைத்திருக்கிறாய்?"

"யாரும் கணக்கில் வைக்கவில்லை, ஐயா. அதனால் நான் வைத்திருக்கிறேன்."

இன்னொரு கடலையை வாயில் போட்டார். பிறகு பென்சிலை எடுத்து, சீட்டில் இருந்த இருபத்தேழு எண்களையும் ஒவ்வொன்றாக அடித்தார். சீட்டை என்னிடமே கொடுத்தார்.

"சொல் இருக்கலாம். எண் கூடாது. எண் எல்லாம் சாக்குக்கு மட்டும்."

தலைமை எழுத்தர் பக்கத்து மேசையில், "நான் நேற்றே சொன்னனான்" என்று மேசையிடம் சொன்னார்.

மகிழ்ச்சியாகத்தான் வீட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் பாதி வழியில் கவலை பிடித்துக்கொண்டது. ஏழு சொற்களுக்குத்தான் சாட்சி இருக்கிறது. மற்ற இருபதுக்கு? நாளைக்கு வேறொரு மேற்பார்வையாளர் வந்து அவற்றைக் கேட்டால்? அவற்றின் பக்க எண்ணும் இப்போது இல்லை. நேராகக் கடலைக்காரரிடம் போனேன். அன்றைய இருபது தாளையும் அவர் கிழித்து முடித்திருந்தார். வி எழுத்து முழுக்கப் போய்விட்டது; யூவில் பாதி போய்விட்டது. மிச்சம் ஐந்நூற்று எழுபத்திரண்டு தாள். அதையும் எண்ணித்தான் வாங்கினேன்.

"வித்த வெலைக்கேவா கேக்குற? பிள்ளையார் சுழி போட்ட சரக்கு கிராணி. அதக் கலைக்கிறதுக்கே தனி வெல."

ஏழு வெள்ளி ஐம்பது காசு. பேரம் பேசினேன். கடைசியில் ஒரு பொட்டலம் உப்புக்கடலை சும்மா கொடுத்தார், விலையில் ஒரு காசும் குறைக்கவில்லை.

மஞ்சள் பொட்டோடு அந்த அகராதி இன்றும் தெம்பனிஸில் என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. ஆயிரத்து நூற்று நாற்பத்துநான்கு பக்கமும், சோற்றுப்பசை போட்ட ஒரு தாளும், கிழிந்த ஓரங்களோடு இருபத்துநான்கு துண்டுகளும். வான்வர்த் என்ற சொல்லுக்கு அதில் இன்னும் குங்கும வாசனை இருப்பதாக எனக்கு ஒரு பிரமை. குங்குமம் பட்டது கீழ்ப்பாதியில்தான் என்பது எனக்குத் தெரியும்.

மூன்று வெள்ளிக்கு விற்றது. இருபத்தாறு பொட்டலம், இரண்டு வெள்ளி அறுபது. மிச்சப் புத்தகம், ஏழு வெள்ளி ஐம்பது. என் மனைவி பிள்ளையார் உண்டியலில் போட்டது பதினைந்து காசு. இதை அவள் என்னிடம் சொன்னது பல வருடங்கள் கழித்து, ஆகவே கணக்கு நேராக அத்தனை காலம் ஆயிற்று. வந்த மூன்றைக் கழித்தால், அந்தத் தாளுக்கு நான் கொடுத்தது மொத்தம் ஏழு வெள்ளி இருபத்தைந்து காசு.